கலாநிதி ஜெயரத்தினத்தின் அச்சேறாத நான்கு தாள்கள்

தலைமை வகிக்கும் அன்பர் சேந்தன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, மோர்டென்ஸ்ருட்டிலிருந்தும் பேர்கனிலிருந்தும் வேலைக்கு விடுப்புச் சொல்லி வந்து இந்த வெஸ்ட்லி மண்டபத்தை நிறைத்திருக்கும் உறவுகளே, ஒரு சொல் தமிழ் விளங்காவிட்டாலும் கடைசிவரை இருப்பேன் என்று வந்து அமர்ந்திருக்கும் அயலவர் ஜூலியா அவர்களே, முன்வரிசையில் இருக்கும், எங்கள் கலாநிதியின் ஒரே தங்கை இராசமணி அக்கா அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் துயரம் தோய்ந்த வணக்கம்.

என்னைத் தெரியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் சோதிலிங்கம். இந்த ஒஸ்லோ நகரத்தில் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவன். தொழிற்சங்கக்காரன். நமது தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரைப் பதினெட்டு வருடம் தொகுத்தவன். தலைவர் எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார். மணி அடித்தாலும் நான் இறங்கப் போவதில்லை என்பதை இப்போதே அவரிடம் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் புகழ்வதற்கு மட்டும் இங்கே வரவில்லை. கலாநிதி ஜெயரத்தினத்துக்கு ஐம்பது வருடமாக ஒரு கெட்ட பெயர் இருந்தது. அந்தப் பெயரை உண்டாக்கியவன் நான். அதை இந்தச் சபையில் சொல்லி முடிக்காமல் இராசமணி அக்காவின் முகத்தில் விழிக்க எனக்கு உரிமை இல்லை.

யார் இந்த ஜெயரத்தினம்? செவ்வாய்க்கிழமை நாங்கள் வழியனுப்பிய அந்த எண்பத்தாறு வயது மனிதர் யார்? வெஸ்ட்லிக்குப் போகும் ஐந்தாம் இலக்கத் தொடருந்தில் தினமும் செய்தித்தாளை விரித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் "இந்தச் சீஸ் விலை பாத்தீரோ?" என்று கேட்டவர். அவ்வளவுதானா? இல்லை! எங்கள் மண்ணில் பொருளியல் படித்தவர்கள் எல்லோரும் இடது பக்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த எழுபதுகளில், "சந்தையைத் திறவுங்கள்" என்று எழுந்து நின்று சொன்ன மனிதர் அவர். லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்று, கொழும்பில் விரிவுரையாளராக இருந்தவர். நண்பர்கள் சிரித்தார்கள். மேலதிகாரிகள் முகம் சுளித்தார்கள். அவரோ தனியே நின்றார். தனியே நிற்பது என்றால் என்ன என்று கூட்டத்தோடு நின்று கோஷம் போட்டுப் பழகிய என்னைப் போன்றவனுக்குத் தெரியாது.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இலங்கை தன் கதவுகளை மூடி வைத்திருந்தது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் உள்ளே வராது. ஆகவே எங்கள் செம்மண்ணில் விளைந்த மிளகாய்க்கு நாங்கள் சொன்னதே விலை. ஓலை வீடுகள் கல்வீடுகள் ஆயின. என் தகப்பனார் மிளகாய்க் காசில் ஒரு உழவு இயந்திரம் வாங்கினார். கலாநிதியின் தகப்பனாரும் மிளகாய் பயிரிட்ட கமக்காரர்தான். அந்த வீட்டுப் பிள்ளை, 1975ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில், மிளகாய்க் கமக்காரர்கள் நிறைந்திருந்த ஒரு சபையில் எழுந்து என்ன சொன்னார் தெரியுமா?

"எங்கடை வீட்டுக்குக் கல்லும் சீமெந்தும் எங்கையிருந்து வந்தது? தேயிலைத் தோட்டத்திலை கொழுந்து பறிக்கிற தாய், கறிக்குப் போடுற மிளகாய்க்கு நாங்கள் சொன்ன விலையைக் குடுத்த காசு அது. அவவைக் கேட்டோ எடுத்தனாங்கள்?"

சபை கொதித்தது. அவருடைய தகப்பனாரே எழுந்து வெளியே போனார். நான் அப்போது இருபத்திரண்டு வயது. எனக்குக் கொதித்த கொதிப்பு இருக்கிறதே! ஆனால் உள்ளுக்குள் ஒரு ஆச்சரியமும் இருந்தது. ஏழைக்காகப் பேசுவது எங்கள் இடதுசாரிக் கட்சியின் வேலை என்று நினைத்திருந்தேன். முதலாளித்துவம் பேசுகிறவர் என்று நாங்கள் திட்டிய ஒருவர், எங்கள் வாயில் ஒருநாளும் வராத அந்தத் தோட்டத்துத் தாயைச் சபைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அதன் பின் நான் செய்ததைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அவர் இங்கே செய்ததைச் சொல்ல வேண்டும். என் பாவத்தைப் பேசி அவருடைய இரங்கல் கூட்டத்தை என்னுடைய கூட்டமாக்கிவிடக் கூடாது அல்லவா?

அகதியாக நோர்வேக்கு வந்தார். வடக்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் இரண்டு வருடம் கத்தி பிடித்தார். பிறகு ஒஸ்லோவில் தபால் பிரிக்கும் நிலையத்தில் ஓய்வு பெறும் வரை வேலை செய்தார். லண்டன் கலாநிதி கடிதம் பிரிக்கிறாரே என்று நாங்கள் பரிதாபப்பட்டோம். அவருக்கு அந்தப் பரிதாபம் வேண்டியிருக்கவில்லை. "இஞ்சை பாரும் சோதி, ஒஸ்லோவுக்கும் வடதுருவத்துக்கும் போற கடிதத்துக்கு ஒரே முத்திரை விலை. ஆர் ஆருக்காகக் காசு கட்டினம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இதை இருந்து பாக்க எனக்குச் சம்பளமும் தருகினம்!" என்று சிரிப்பார்.

நான் விடுவேனா? ஒருநாள் தொடருந்தில் மடக்கினேன். "நோர்வேக்காரன் வெளிநாட்டுச் சாமானுக்கு வரி போட்டுத் தன்ரை கமக்காரனைக் காப்பாத்துறான். நாங்கள் செய்தது மட்டும் பிழையோ?" என்று கேட்டேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "இவை அதைப் பாராளுமன்றத்திலை சொல்லிப்போட்டுச் செய்யினம். சீஸ் வாங்கிற ஒவ்வொருத்தனும் தான் குடுக்கிறது தெரிஞ்சு குடுக்கிறான். அப்பவும் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் எங்கடை ஊரிலை குடுத்தவைக்குக் குடுத்ததே தெரியாது" என்றார். பதில் தேடித் தேடி நான் இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போனேன்.

அவருடைய கொள்கை வாயோடு நின்றதா? இல்லை! பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும், தொண்ணூறுகளில் நமது கடைக்காரர்கள் மூவர் சேர்ந்து அரிசிக்கும் மிளகாய்த் தூளுக்கும் ஒரே விலை வைப்பதாக முடிவெடுத்தார்கள். அதற்கு இனத்தின் ஒற்றுமை என்று பெயரும் வைத்து, சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் ஆதரவு கேட்டார்கள். நாங்கள் கை தட்டினோம். ஒற்றுமை என்று சொன்னால் நமக்குக் கை தானாகவே தட்டும். ஒரே ஒருவர் எழுந்தார். "அகதி முகாமிலை கைச்செலவுக் காசிலை பிள்ளையளுக்குச் சமைக்கிற தாய்மார் இந்தக் கூட்டத்துக்கு வரேல்லை. அவைக்கும் சேர்த்தோ இந்த ஒற்றுமை?" என்றார். அந்த மூவரில் ஒருவர் அவருடைய சொந்த மச்சான் முறை, தம்பி பிரவீணனின் தகப்பனார். அந்தத் தகப்பனார் இரண்டு வருடம் கலாநிதியோடு கதைக்கவில்லை. ஒரே விலைத் திட்டம் அன்றோடு போனது. பிரவீணன் இன்று பின்வரிசையில் இருக்கிறார். மூன்று கடை நடத்துகிறார். சென்ற வாரம் என்னிடம் சொன்னார்: "அண்ணை, அண்டைக்கு அப்பா கோபத்திலை விலையைக் குறைச்சதாலைதான் எங்கடை கடை வளர்ந்தது." கலாநிதி இதைக் கேட்டிருந்தால் ஒரு கிழமைக்கு வாய் மூடியிருக்க மாட்டார்.

உதயகுமாரி இங்கே வந்திருக்கிறார். இன்று நமக்கு உணவு தந்திருப்பவர் அவர்தான். வீட்டு அடுப்பில் இடியப்பம் அவித்து விற்றவரை, முறையாகப் பதிவு செய்து, உணவுச் சுகாதார விதிகளை வரிக்கு வரி வாசித்து விளங்கப்படுத்தி, மோர்டென்ஸ்ருட்டில் ஒரு சமையற்கூடம் திறக்க வைத்தவர் கலாநிதி. இன்று ஆறு பேருக்கு அங்கே வேலை. நமது பழக்கம் என்ன? "எங்கடை ஆக்கள்தானே, பாத்துப் போடுங்கோ" என்று விலை குறைக்கச் சொல்வது. உதயகுமாரி முதல் நாள் அவருக்கு ஒரு பார்சல் இலவசமாக நீட்டியபோது அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்! "விலையைச் சொல்லும் பிள்ளை. வாங்கிறதோ விடுறதோ நான் யோசிக்கிறன். எங்கடை ஆள் எண்டால் முழு விலை குடுக்க வேணும், அதுதான் உம்மடை உழைப்புக்கு மரியாதை." அன்றிலிருந்து நானும் விலை பேசுவதில்லை. கொஞ்சம் நட்டம்தான்.

ஜூலியா நமது அடுக்குமாடியின் நிர்வாகக் குழுத் தலைவி. வசந்தம் வந்ததும் குடியிருப்பாளர் எல்லோரும் கூலியில்லாமல் சேர்ந்து முற்றம் துப்புரவாக்கும் நாள் ஒன்று உண்டு; டுக்னாட் என்பார்கள். நாம் அன்றைக்குத்தான் அவசர வேலை தேடிப்பிடிப்போம். அந்த முற்றத்துக்கு முதல் ஆளாக வாருகோலோடு வந்தவர் யார் என்று ஜூலியாவைக் கேளுங்கள். "அண்ணை, சந்தை சந்தை எண்டு சொல்லிப்போட்டுச் சும்மா வேலை செய்யிறீங்கள்" என்று நான் சீண்டினேன். "ஆரும் என்னைக் கட்டாயப்படுத்தேல்லை. விரும்பினவன் வாறான். இதைவிடத் திறந்த சந்தை எங்கை இருக்கு? உமக்கும் ஒரு வாருகோல் இருக்கு, எடும்" என்றார். எடுத்தேன்.

இப்படி வாழ்ந்த மனிதரை நாம் எப்படி அழைத்தோம்? மனதில் கை வைத்துச் சொல்லுங்கள்! "மிளகாய்க் கலாநிதி." யாழ்ப்பாணத்துக் கமக்காரரின் வயிற்றில் அடித்தவர். கதவைத் திறக்கச் சொல்லிக் கொழும்புக்கு எழுதிக் கொடுத்தவர். இந்தப் பெயர் அவருக்கு முன்னால் விமானம் ஏறி ஒஸ்லோவுக்கு வந்து காத்திருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு ஒரு பாராட்டு விழா எடுக்கலாம் என்று சிலர் சொன்னபோது, கமக்காரக் குடும்பத்து ஆட்கள் மனம் நோகும் என்று சங்கம் கைவிட்டது. அந்தச் செயற்குழுவில் நானும் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன்.

1975இல் அந்தக் கூட்டம் முடிந்ததும் நான் அவரிடம் போனேன். நாங்கள் நான்கு இளைஞர்கள் சேர்ந்து நாலு பக்கப் பத்திரிகை ஒன்று நடத்தினோம். உங்கள் பேச்சைப் போடுகிறோம், எழுத்தில் தாருங்கள் என்றேன். அவர் என்னை நம்பினார். எங்கள் கட்சிக்காரன் என்று தெரிந்தும் நம்பினார். ஏழு தாள், தன் கையெழுத்தில். முதல் மூன்று தாளில் நீங்கள் கேட்ட வாதம் இருந்தது: இந்தத் தடை நியாயமில்லை, எடுக்கத்தான் வேண்டும் என்று. பின் நான்கு தாளில் என்ன இருந்தது? ஒரே நாளில் எடுத்தால் கமக்காரன் அழிவான் என்று இருந்தது! ஐந்து வருடம் முன்கூட்டி அறிவிக்க வேண்டும் என்று இருந்தது. தடைக்குப் பதிலாக இறக்குமதி வரி போட்டு அதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், கமக்காரர் தாங்களே களஞ்சியம் கட்டி வேறு பயிருக்குப் பழக வேண்டும், அதுவரை தன் தகப்பனைப் போன்றவர்களை அரசு தாங்க வேண்டும் என்று, ஊர் ஊராகக் கணக்குப் போட்டு எழுதியிருந்தார்.

நான் மூன்று தாளை மட்டும் அச்சுக்குக் கொடுத்தேன்.

இடமில்லை என்று என் நண்பர்களுக்குச் சொன்னேன். இடம் இருந்தது. அந்த இடத்தில் ஒரு சைக்கிள் கடை விளம்பரம் போட்டேன். ஏன் செய்தேன்? ஏழு தாளையும் போட்டால் அவர் நியாயமானவராகத் தெரிவார். அவர் நியாயமானவராகத் தெரிவது எனக்குத் தேவையாக இருக்கவில்லை. அவ்வளவுதான் உறவுகளே, வேறு காரணம் இல்லை.

இரண்டு வருடத்தில் ஆட்சி மாறியது. கதவு திடீரென்று திறந்தது. வெளிநாட்டு மிளகாய் வந்து குவிந்தது. என் தகப்பனார் உழவு இயந்திரத்தை வந்த விலைக்குக் கொடுத்தார். ஊர் ஒரு குற்றவாளியைத் தேடியது. என் பத்திரிகை வீடு வீடாக இருந்தது. அவரிடம் யாரும் ஆலோசனை கேட்கவும் இல்லை, அவர் சொன்ன ஐந்து வருடத்தை யாரும் கொடுக்கவும் இல்லை. ஆனாலும் பழி அவர் தலையில் விழுந்தது. அந்த நேரம் இராசமணி அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடும் மிளகாய்க் கமக்காரர். "அந்தக் குடும்பத்திலை சம்பந்தம் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். பிறகு ஒரு சம்பந்தமும் சரிவரவில்லை. நமது வழக்கம் உங்களுக்குத் தெரியும். தங்கைக்கு ஒரு வழி பண்ணாமல் அண்ணன் கல்யாணம் செய்வதில்லை. அவரும் செய்யவில்லை. நான் வெட்டியது நான்கு தாள். வெட்டுப்பட்டது இரண்டு பேருடைய வாழ்க்கை.

தொண்ணூற்றொன்றில் ஒருநாள் என் பஸ்ஸில் ஏறினார். என் முகத்தைப் பார்த்தார். "நீர் சோதிலிங்கமோ?" என்றார். "ஓம்" என்றேன். கடைசித் தரிப்பு வரும்வரை பக்கத்திலேயே நின்றார். எல்லோரும் இறங்கிய பிறகு கேட்டார்: "அந்தச் சைக்கிள் கடைக்காரன் விளம்பரத்துக்கு எவ்வளவு தந்தவன்?"

"பதினைஞ்சு ரூபா."

வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப சந்தை தன்ரை வேலையைச் சரியாத்தான் செய்திருக்கு. அவன் காசு தந்தவன். நான் தரேல்லையே!"

பிறகு கேட்டார்: "மிச்சத் தாள் உம்மட்டை இருக்கோ?" இருந்தது. என் சான்றிதழ்க் கோவைக்குள் வைத்துக் கடல் கடந்து கொண்டுவந்திருந்தேன். எறிய மனம் வரவில்லை. காட்டவும் துணிவு வரவில்லை. "நாளைக்கே கொண்டுவந்து தாறன் அண்ணை" என்றேன். "எனக்கு வேண்டாம். எனக்கு அது மனப்பாடம். உம்மட்டை எப்ப இடம் வருதோ அப்ப போடும்" என்றார்.

உறவுகளே! அதன் பிறகு நான் பதினெட்டு ஆண்டு மலர் தொகுத்தேன். ஒவ்வொன்றிலும் இடம் இருந்தது. பிறந்தநாள் வாழ்த்துக்கு இடம் கொடுத்தேன். நகைக்கடைக்கு முழுப்பக்கம் கொடுத்தேன். என் சொந்தக் கவிதைக்குக்கூட இடம் கொடுத்தேன்! ஒவ்வொரு வருடமும் மலர் வந்ததும் அவர் வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்ப்பார். ஒரு சொல் கேட்டதில்லை. "அட்டைப் படம் நல்லாயிருக்கு" என்பார். நான் ஏன் போடவில்லை? பயம். வெட்கம். பொய்யன் என்று நீங்கள் சொல்வீர்கள் என்ற பயம். என் தகப்பனார் தன் நட்டத்துக்கு அவரைத் திட்டித் திட்டியே கண்ணை மூடினார்; அந்தத் திட்டும் என்னால் வந்தது என்று ஒப்புக்கொள்ள வெட்கம். மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு காலநிலை பற்றித்தான் கதைத்துவிட்டு வந்தேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

நேற்று இராசமணி அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். "அண்ணாவுக்கு இது தெரியுமோ?" என்றார். "ஓம் அக்கா, முப்பத்துநாலு வருசமாத் தெரியும்" என்றேன். "எனக்குச் சொல்லேல்லை அவர்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. எழுந்து போய் எனக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து வைத்தார். "இதை எனக்கு இஞ்சை வந்து சொல்லி என்ன, தம்பி? நாளைக்கு அங்கை எல்லாருக்கும் முன்னாலை சொல்லும். அரைவாசி சொல்லிப்போட்டு இறங்காதையும்" என்றார்.

அரைவாசி சொல்லவில்லை அக்கா. முழுவதும் சொல்லிவிட்டேன்.

கலாநிதி ஜெயரத்தினம் அவர்களே! உங்கள் கொள்கை முழுவதும் எனக்கு இன்றும் சம்மதமில்லை. தொழிற்சங்க அட்டை இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது. ஆனால் உங்கள் பெயரில் நான் இந்தச் சபைக்கு ஒரு உறுதி தருகிறேன். இந்த வருட மலரின் முதல் பக்கத்திலிருந்து ஏழு தாளும் வரும். யார் அதை மறைத்தது என்பதும் என் பெயரோடு வரும். அந்தப் பக்கங்களில் ஒரு விளம்பரமும் இராது. இனி இந்தச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில், எல்லோரும் கை தட்டும்போது ஒருவர் மட்டும் எழுந்து மறுத்துப் பேசினால், அவர் முடிக்கும்வரை மணி அடிக்கக் கூடாது. தலைவர் சேந்தன் அவர்களே, இதைத் தீர்மானமாக முன்மொழிகிறேன். வழிமொழிகிறவர்கள் கை உயர்த்துங்கள். நன்றி. பிரவீணன், உம்முடைய கையையும் பார்க்கிறேன்.

அடுத்து ஒரு நிமிட மௌனம் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. தலைவரின் அனுமதியோடு அதை நான் மாற்றக் கேட்கிறேன். இந்த மனிதருக்கு நான் ஐம்பது வருட மௌனம் கொடுத்துவிட்டேன். இன்னும் ஒரு நிமிடம் அவருக்கு வேண்டாம்.

இந்த நான்கு தாள்களும் பழுப்பேறி, மடித்த இடங்களில் கிழிந்திருக்கின்றன. எழுத்து மட்டும் தெளிவாக இருக்கிறது. இதை வாசிக்கும் தகுதி எனக்கு இல்லை. இராசமணி அக்கா, மேடைக்கு வாங்கோ. உங்கடை அண்ணா எழுதினது. மெதுவா வாங்கோ, படி இருக்கு.

உறவுகளே, எழுந்து நிற்க வேண்டாம். இருந்து கேளுங்கள். கொஞ்ச நேரம் எடுக்கும்.